கயாக்குகளுக்கு நான் கட்டிய கூரை

கல்லூரிச் சுவரோரம் வெயிலில் கிடந்த எங்கள் இரண்டு ப்ளைவுட் கயாக்குப் படகுகளில் பெயின்ட் உரிவதைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒரே வாரத்தில் சவுக்குக் கம்புகளை மண்ணில் ஊன்றி, இரண்டடுக்காகச் சட்டம் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, படகுகளை ஏற்றித் தார்ப்பாயால் இறுக்கி மூடினேன்.

"கம்புக்குத் தார் பூசலையா மாப்ள?" என்றான் நண்பன் முத்து.

"மழை மேலருந்துதான்டா வரும்!" என்று கிண்டலடித்தேன்.

நாங்கள் துடுப்புப் போட்டுப் பழகும் கண்மாய் வற்றியதால் மூன்று மாதம் படகுகளை எடுக்கவில்லை. பிறகு வைகை அணையில் மாநிலக் கயாக் அணிக்கான தேர்வு வந்தது. முத்து ஒரு வருடமாகக் காத்திருந்த நாள். முந்தின நாள் மாலை தார்ப்பாயை அவிழ்த்தோம். கம்பு வழியே கரையான் ஏறியிருந்தது. படகைத் தூக்கினேன், அடிப்பலகை அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது. இன்னொன்றும் அப்படித்தான்.

"ஒட்டிரலாம்டா, விடியறதுக்குள்ள ஒட்டிரலாம்!" என்று பசை டப்பாவோடு உளறினேன்.

முத்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தான். "வெயில்ல கெடந்திருந்தாக்கூடப் பெயின்ட்டு மட்டும்தான்டா போயிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திட்டியிருந்தால் தேவலை. கட்டி முடித்த பெருமையில், மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

வருகிற ஞாயிறு கருங்கல் கால்கள் நிறுத்திக் கூரையை மறுபடி ஆரம்பிக்கிறேன். முதல் கல்லை நடுமுன் முத்துவைக் கூப்பிடப் போகிறேன். வருவானா, தெரியவில்லை.