நூற்றுப்பன்னிரண்டு ரூபா நிறை வெள்ளி

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அப்பா, அம்மா, நான் ஆகிய மூவரும் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு வெள்ளிக்கடையின் மூன்று படிகளில் ஏறினோம். அப்பாவுக்கு அவை ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்றுதான் அவரால் அடுத்த படிக்குப் போக முடிந்தது.

அந்த மாசியில் அவர் துலாவிலிருந்து விழுந்திருந்தார். சண்டிலிப்பாயில் எங்களுக்குப் பன்னிரண்டு பரப்புத் தோட்டம். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்கவேண்டும், இன்னொருவர் கீழே நின்று தண்ணீர்ப் பட்டையைப் பிடித்து ஊற்றவேண்டும். அப்பாவின் கால் முறிந்த பிறகு மிதிக்க ஆள் பிடித்தோம். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. நான்கு பரப்பு வெங்காயம் எங்கள் கண்முன்னே கருகியது. மீதி எட்டுப் பரப்பையும் காப்பாற்ற ஒரு வழிதான் இருந்தது. சாவகச்சேரியில் ஒருவர் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் ஒன்றை விற்கப் போவதாகத் தகவல் வந்தது. பாவித்த மிசின், விலை அறுநூற்றைம்பது ரூபா. அப்பா இருபத்தைந்து ரூபா அச்சவாரம் கொடுத்துவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குள் முழுக் காசும் போய்ச் சேராவிட்டால் அச்சவாரமும் இல்லை, மிசினும் இல்லை, வேறொருவர் காத்திருந்தார்.

அச்சவாரத்தோடு சேர்த்து எங்களிடம் இருந்தது நானூறு. மீதி இருநூற்றைம்பதும் அம்மாவின் வெள்ளியிலிருந்து வரவேண்டும்.

வரும் என்று சொன்னவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டுக் கூரை ஓடுகளையும் வேலிக் கதியாலையும் எண்ணி வைத்திருந்தவன். பரியாரியாரின் மருந்துத் தராசை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்கி வந்து, வெள்ளி முழுவதையும் நானே நிறுத்தேன். எங்கள் பக்கத்தில் வெள்ளியை ரூபா நிறையில்தான் சொல்வார்கள். பழைய இராசாத்தலை வெள்ளிக்காசு ஒன்றின் எடை ஒரு ரூபா நிறை. அம்மாவிடம் அந்தக் காசுகள் இருபத்துநான்கு இருந்தபடியால் படிக்கல்லுக்கும் குறைவில்லை. காசு இருபத்துநான்கு, செம்பு இருபத்தொன்று, வெற்றிலைத் தட்டம் இருபத்தைந்து, அம்மாவின் பாதசரம் பதினான்கு, பன்னீர்ச்செம்பு இருபத்தெட்டு. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு. ரூபா நிறை ஒன்றுக்கு இரண்டு ரூபா இருபத்தைந்து சதம் போகிறதென்று விசாரித்திருந்தோம். ஆக இருநூற்றைம்பத்திரண்டு ரூபா. அப்பா அச்சவாரம் கொடுத்ததே இந்தக் கணக்கை நம்பித்தான்.

கடை முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருத்த உடம்பு, மெல்லிய குரல். அம்மா கடகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். திருநீறு போட்டுத் துலக்கியிருந்ததால் எல்லாம் புதிதுபோல மினுங்கின.

“வீட்டிலை நிறுத்தனியளோ, தம்பி?” என்று அப்பாவைக் கேட்டார்.

“ஓம் அண்ணை. உவன்தான் நிறுத்தவன். நூற்றிப்பன்னிரண்டு.”

“அப்ப எனக்கேன் தராசு? உவனையே தூக்கி மேசையிலை வைப்பம்.”

காசும் செம்பும் தட்டமும் பாதசரமும் நான் சொன்ன நிறையே நின்றன. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பன்னீர்ச்செம்பை மட்டும் அவர் நிறுக்கவில்லை. அடியை விரலால் சுண்டிப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“பிள்ளை, உதின்ரை அடியை வெட்டவேணும். சம்மதமோ?”

அம்மா தலையாட்டினாள். அடித்தகட்டை வெட்டி, விளக்கில் காட்டி, ஒரு தட்டின் மேல் கவிழ்த்தார். கறுத்த சிவப்பு நிறத்தில் அரக்கு இளகி விழுந்தது. செம்பு சரிந்து விழாமல் இருப்பதற்காகச் செய்தவர்கள் உள்ளே ஊற்றியது. என் பாட்டுக்கு நான் அதையும் வெள்ளியென்று நிறுத்து விலை போட்டிருந்தேன். திரும்ப நிறுத்தபோது பன்னீர்ச்செம்பு பதினெட்டு.

அப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணி ஐந்து நிமிடம்.

“அவசரக் காசோ?” என்று முதலாளி கேட்டார்.

அப்பா மிசினைப் பற்றிச் சொன்னார். துலாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி அவருடைய காலைப் பார்த்தார். பிறகு ஒரு கடதாசித் துண்டு எடுத்து ஐந்து நிறையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினார். “நூற்றிப்பன்னிரண்டு. இருநூற்றைம்பத்திரண்டு ரூபா” என்று மேசை லாச்சியை இழுத்தார்.

நான் மேசையின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். ஒன்றாம் இடத்தில் இருபத்திரண்டு வருகிறது. இரண்டைப் போட்டு இரண்டை மனத்தில் கொள்ளவேண்டும். மனிதர் மூன்றைக் கொண்டிருந்தார்.

“பிழை!” என்றேன். கடை முழுவதும் கேட்டிருக்கும். “நூற்றியிரண்டுதான் வரும். இருநூற்றிருபத்தொன்பது ரூபா ஐம்பது சதம்!”

அம்மா என் முதுகில் கிள்ளினாள். ஏன் கிள்ளுகிறாள் என்று அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன். அப்பா துண்டை வாங்கி, விரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தார். அவருக்குக் கூட்டல் மெதுவாகத்தான் வரும்.

“பெடியன் சொன்னது சரி அண்ணை. நூற்றியிரண்டு.”

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. கோபம் என்று அன்று நினைத்தேன்.

“உவனைச் சோறு குடுத்தோ வளர்க்கிறியள், எண்சுவடி குடுத்தோ?” என்றார். அம்மா சிரிக்கவில்லை. இருபது ரூபா ஐம்பது சதம் குறைகிறது.

அவர் எண்ணின காசை மேசையில் வைத்தார். அப்பா அதை மடியில் கட்டிக்கொண்டு எழும்பினார். மூன்று படிகளில் முதலாவதில் ஒரு காலை வைத்துவிட்டார்.

“தம்பி, நில்லும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்ரை பழைய கணக்குக் கொப்பியள் கனக்கக் கிடக்கு. பிழை பிடிக்க ஆளில்லை. உவனைச் சனிக்கிழமையிலை அனுப்பும். ஏழு சனி. ஒரு சனிக்கு மூண்டு ரூபா.”

“பெடியனுக்கு மூண்டு ரூபாவோ?” என்றார் அப்பா. அந்த நாளில் தோட்டத்தில் வளர்ந்த ஆளொருவர் பொழுதுபடும்வரை கொத்தினால் கிடைப்பது அவ்வளவுதான்.

“ஆளுக்கில்லை, கணக்குக்கு. இண்டைக்கே எனக்கு இருபத்திரண்டரை ரூபா மிச்சம் பிடிச்சுத் தந்தவனெல்லோ. ஆனா ஒண்டு, காசை இப்பவே வாங்கிப்போட வேணும். பிறகு நீர் அனுப்பாமல் விட்டிடுவீர்.”

அப்பா அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, “போவியோடா?” என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இருபத்தொரு ரூபா. மூன்று ஏழு இருபத்தொன்று என்று நானும் வாய்க்குள் சரிபார்த்தேன்.

சாவகச்சேரிக்குப் பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திங்கட்கிழமை காலையில் மிசின் எங்கள் கிணற்றடியில் இருமி இருமிக் கிளம்பியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா கதியாலைப் பிடித்து நின்றபடி, தண்ணீர் எட்டாவது பரப்புக்குப் போகும்வரை உட்காரவில்லை.

ஏழு சனியும் போனேன். ஒரு மூலையில் உட்கார வாங்கு போட்டு, ஒரு கொப்பியும் சிவப்புப் பென்சிலும் வைத்திருப்பார்கள். பத்து மணிக்கு வடையும் தேத்தண்ணியும் வரும். ஒவ்வொரு சனியும் சரியாக மூன்று பிழை கண்டுபிடித்தேன். நாலாவது பிழைக்காக எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. முதலாளிக்குக் கூட்டல் வராது, ஒன்றாம் இடத்திலிருந்து கொண்டுபோகும்போது எப்போதும் ஒன்று கூடிவிடுகிறது என்று வீட்டில் அறிவித்தேன்.

“உதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதை” என்றார் அப்பா. வெங்காயம் கிண்டி எடுத்ததும் முதல் பிடியைக் கட்டி என் கையில் தந்து, அந்தக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வேலை செய்துதானே காசு வாங்கினேன், வெங்காயம் எதற்கு என்று அழாக்குறையாகச் சண்டை பிடித்தேன்.

பிற்பாடு முப்பத்தொரு வருடம் கணக்காய்வு உத்தியோகம் பார்த்தேன். மனிதர்கள் விடும் பிழைகளில் எத்தனையோ வகை பார்த்தாயிற்று. தவறாமல் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழை விடும் ஒரு வியாபாரியைக்கூட நான் சந்திக்கவில்லை. அன்றைக்கு அது தெரியாது. நான்காவது சனிக்கிழமை, பத்து வருடப் பழைய கணக்கென்று தந்த கொப்பியில் விரலை வைத்துக் கூட்டிக்கொண்டு போனபோது மை என் விரலில் நீலமாக ஒட்டியது. மட்டமான மை, பத்து வருடமாகியும் காயவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஏழு சனிக்கிழமைக்கும் போக வரப் பதினான்கு அரை டிக்கெட், டிக்கெட் ஒன்று பதினைந்து சதம். ஐந்தாவது சனி கண்டக்டர் மிச்சம் தராமல் விட்டது ஐந்து சதம். எனக்கு ஏற்பட்ட மொத்தச் செலவு இரண்டு ரூபா பதினைந்து சதம்.