சுண்ணாம்பு டப்பா கழுவிய வாளி

பர்மாவில், எங்கள் தாகேதாப் பேட்டையில், என் வெற்றிலைக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பஸ் நிறுத்தத்தில் தட்டேந்தி குன்யா விற்றவன், இன்று கீழே கடை, மேலே வீடு என்று சொந்தமாக வைத்திருக்கிறேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்ததைத்தான் இங்கே குன்யா என்கிறோம். நான் மடித்த குன்யா யார் வாயையும் வேகவைத்ததில்லை. சுண்ணாம்பின் அளவு என் விரலுக்குத் தெரியும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

மகன் மலேசியாவில் வேலை செய்கிறான். மருமகளும் பேத்தியும் என்னோடு இருக்கிறார்கள். மாடியில் பாக்கு மூட்டை போட்டு வைத்திருந்த பின்னறையை மருமகள் ஒரு நாள் கேட்டாள்.

"அந்த ரூமை எனக்குக் குடுங்க மாமா. செடி வளக்கப் போறேன்."

"வெயிலே வராத ரூம்ல செடியா? காளான்தான் முளைக்கும்."

"வெயிலை நான் வாங்கிட்டு வரேன்."

வாங்கித்தான் வந்தாள். அடுக்குத் தட்டு, குழல் விளக்குகள், மீ போனால் எரிய ஒரு பேட்டரி. கரண்டை நாங்கள் மீ என்போம். அது வருவதைவிடப் போவதுதான் அதிகம். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய தட்டுகளில் பேசில் விதைத்தாள். நம் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி வாசனை. வெளிநாட்டுச் சமையல் செய்கிற ஓட்டல்களில் கேட்கிறார்களாம். மழைக்காலத்தில் வெளியே வளர்த்தால் அழுகிப்போகும் என்பதால் வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு மதிப்பு. ஒரு ஓட்டல் சமையல்காரர், இலை நன்றாக வந்தால் வாரா வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வராவிட்டால் அவள் ஊரின் மறுகோடியில், ஷ்வேப்யிதாவில் இருக்கிற தையல் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். விடியுமுன் ஃபேக்டரி வண்டியேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பேத்தி விழித்திருக்கும்போது அம்மாவைப் பார்க்கவே முடியாது.

முதல் தப்பு தண்ணீரில் வந்தது. நாற்றுகள் தலை தொங்கின. பாவம், தாகம் என்று அவள் இல்லாத நேரத்தில் குவளை குவளையாக ஊற்றினேன். இன்னும் தொங்கின. இன்னும் ஊற்றினேன். அவள் வந்து ஒரு தட்டை இரு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, இது தட்டா, தெப்பக்குளமா?"

"வாடிச்சு, அதான்."

"தண்ணி கூடினாலும் வாடும் மாமா. வேர் மூச்சு விட வேணாமா? இனிமே தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா ஊத்தாதீங்க."

பிறகு நாற்றெல்லாம் ஒல்லியாக, கழுத்தை நீட்டிக்கொண்டு வளர்ந்தன. விளக்கு எட்டத்தில் இருந்ததாம். என் துணிக்கொடிக் கயிற்றை அறுத்து விளக்கைக் கீழே இறக்கிக் கட்டினாள். முதலில் அளவுக்கு மீறி இறக்கிவிட்டாள், மேலிலைகள் வெளுத்தன. ஒரு சாண் உயர்த்தியதும் சரியானது. செடி குட்டையாகத் திரண்டு நின்றது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் வீட்டுச் செடி, என் கைராசி" என்று அளந்தேன். அவள் காதிலும் விழுந்திருக்கும். 

அதற்குப் பிறகுதான் மஞ்சள் வந்தது. புதுத் தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வந்தது. அவளிடம் தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் பார்க்கிற தாள் கொஞ்சம் இருந்தது. நனைத்தாள். கருநீலமானது.

"காரம் ஏறியிருக்கு மாமா. நம்ம கிணத்துத் தண்ணி இப்படி இருந்ததில்லையே."

எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் துரு அதிகம். அதனால் செடிக்கென்று முந்தின நாளே வாளியில் பிடித்துத் தெளியவைப்பாள். மீ இல்லையென்றால் மோட்டார் ஓடாது, குழாய் வறண்டு கிடக்கும். ஆகவே காலையில் கடை திறக்கப் போகுமுன் என் சுண்ணாம்பு டப்பாவை அந்த வாளியில்தான் அலசுவேன். காய்ந்து ஒட்டியதை விரலால் சுரண்டிவிட்டு, விரலையும் அதிலேயே கழுவிக்கொள்வேன். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கடைக்காரனுக்குச் சுண்ணாம்பு அழுக்காகவே தெரியாது.

அவள் அந்த நீலத் தாளை நீட்டிக்கொண்டிருந்தபோது என் விரல் நகத்தில் வெள்ளை இருந்தது. கையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். "அம்மாடி, நான்தான்" என்றால் முடிந்தது. கைராசி என்று தெருவுக்கே சொன்ன வாய், திறக்கவில்லை. மறுநாளிலிருந்து டப்பாவைக் கடையிலேயே கழுவினேன். தப்பை நிறுத்திவிட்டேனே, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவள் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தாள். வாளிக்கு இத்தனை கரண்டி வினிகர் விட்டால் தாள் சரியான அளவான இளம்பச்சைக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். தாள் தீரப்போகிறது என்று மிச்சத்தை எடுத்துவைத்துவிட்டுக் கரண்டிக் கணக்கிலேயே ஊற்றி வந்தாள். நான் சுண்ணாம்பை நிறுத்தியது அவளுக்கு எப்படித் தெரியும்? என் சுண்ணாம்புக்கு அவள் போட்ட கணக்கு வெறும் தண்ணீரில் விழுந்தது. இலை ஓரமெல்லாம் கருகியது. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பாக இருந்தது.

சமையல்காரர் வருவதாகச் சொன்ன நாள் காலை, மிச்சமிருந்த தாளை நனைத்தாள். சிவந்தது. புளிப்பு ஏறியிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் மாமா தப்பா அளந்திட்டேன். எனக்கு இதெல்லாம் ஆகாது. ஃபேக்டரில வேலை பாக்குற பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுறாங்க, ஃபேக்டரிக்கே போயிடுறேன்."

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. வாளி, டப்பா, நீலத் தாள், கைலிக்குள் மறைத்த கை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுண்ணாம்பு போட்டது தெரியாமப் பண்ணது மாமா. அதை விடுங்க. நான் தினம் வினிகர் ஊத்துறதப் பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். தினமும் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு இறங்கினேன்.

சமையல்காரர் வந்தார். பர்மாக்காரர், பொறுமையானவர், என்னை மரியாதையாக ஊலே, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிறவர். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"வாசனை இருக்கு, ஊலே. ஆனா இந்த ஓரத்தோட தட்டுல வைக்க முடியாதே. நல்லா வந்ததும் கூப்பிடுங்க."

மருமகள் சிரித்து வழியனுப்பினாள். அடுத்த வாரமே ஃபேக்டரி வண்டியேறினாள்.

இப்போது செடியை நான் பார்க்கிறேன். நார்த்தூளை மாற்றினேன், புதுத் தாள் வாங்கினேன், தட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறேன். மறுபடி விதைத்தது நன்றாக வந்தது. சமையல்காரர் வந்து பார்த்து, வாரா வாரம் எடுத்துக்கொள்கிறார். "கைராசிக்காரர்தான் ஊலே" என்றும் சொன்னார். மருமகள் போட்ட செடி என்றேன். அவளோ சித்திரைப் புத்தாண்டுக்கு வரும் தண்ணீர்த் திருவிழா வரைக்கும் வேலை செய்வதாக ஃபேக்டரியில் ஒப்புக்கொண்டுவிட்டாள். அதுவரை அங்கிருந்து விட மாட்டார்களாம்.

சுண்ணாம்பு டப்பா கடை ஆணியில் தொங்குகிறது. மாடிக்கு அதை எடுத்து வருவதில்லை, கையைக் கீழேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஏறுகிறேன். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் விடியுமுன் கிளம்பும்போது, வாளியில் ஒரு விரலை நனைத்து, சுண்ணாம்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறாள். பேத்தியை அணைத்துப் படுத்திருக்கும் நான் விழித்துத்தான் இருக்கிறேன். தூங்குவது போல் கிடக்கிறேன்.