அவளுக்குக் கரி, எனக்குப் பவுடர்

பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் நான்தான் கதாநாயகி என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்த அம்மா, அதை நம்பி, சூப்பர்வைசரைக் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டாள்.

நான் சொன்னது முழுப் பொய்யில்லை. டீச்சர் ஒரு கதைப் புத்தகத்திலிருந்து அந்த நாடகத்தை எழுதியிருந்தார். கரி சுடுகிறவரின் மகள் ஒருத்தி, அட்டைக் கறுப்பு. அரசனையே எதிர்த்துப் பேசி ஊர்க் காட்டைக் காப்பாற்றுவாள். வகுப்பிலேயே கறுப்பு நான். வசனத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன். வேஷம் எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டீச்சருக்கு இருந்தது. "கலரா இருந்தாத்தாம்மா மேடையில எடுப்பா தெரியும்" என்றார். இரும்பு ஆலை வேலைக்காக பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். நல்ல சிவப்பு. தமிழ்தான் இன்னும் வரவில்லை. அதற்கும் டீச்சர் வழி வைத்திருந்தார். அவள் வாயசைப்பாள், படுதாவுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பேசுவேன். எனக்கு அழுகை வந்தது. "உன் குரல் மாதிரி யாருக்கு வரும்?" என்றார். உடனே தலைகால் புரியவில்லை.

விழா அன்று, கதைக்குப் பொருந்த வேண்டுமே என்று அவள் கன்னத்தில் கொஞ்சம் கரி தீற்றினார்கள். எனக்கும் மேக்கப் வேண்டுமென்று அடம்பிடித்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டே பவுடரை அப்பிவிட்டார்.

"யார் நீ?" என்றான் அரசன்.

"கரி சுடுகிறவர் மகள். என் நிறமும் கரிதான். அதில் எனக்கென்ன வெட்கம்?" என்று முழங்கினேன். வெளியே ஒரே கைதட்டல். அர்த்தம் தெரியாமலே அவள் அழகாகக் கும்பிட்டாளாம்.

முடிந்ததும் அம்மா என்னைத் தேடிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"இன்னாடி, உன்ன மேடையிலயே காணோம்?"

"நாந்தாம்மா பேசனேன். கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றாள். அதோடு சரி. ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

பஸ் ஸ்டாப்பில் விளக்கடியில் என்னை நிறுத்தி, பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து முகத்தைத் துடைத்தாள். "எரியுதும்மா" என்றேன். விடவில்லை. பவுடர் முழுக்கப் போய் என் நிறம் தெரியும்வரை துடைத்தாள். வேர்வையில் திட்டுத்திட்டாகக் கலைந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.