நடு ஸ்டம்புக்கு நேராகப் பதிந்த கால்

வெள்ளிக்கிழமை காலை, பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் கிரிக்கெட் அணித் தலைவர் சரவணன் போனில் அழைத்தார். "அண்ணே, சிக்கந்தர் பாய் போயிட்டாருண்ணே. கடை திறக்கையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாராம்..." மாணவன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பாயின் பெயரை எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிக்கந்தர் பாய் கோரிப்பாளையத்தில் தையல்கடை வைத்திருந்தவர். என் வயதுதான். குமாஸ்தாக்களும் கடைக்காரர்களுமாக ஞாயிறுதோறும் விளையாடும் எங்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரர். பந்து வரும் இடத்துக்கு அவரைப் போலக் காலைக் கொண்டுபோய் ஆடியவர் மதுரை வட்டாரத்தில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போவேன்.

என் லட்சணம் வேறு. ஒருமுறை தாடையில் பந்து பட்டு இரண்டு பற்கள் போயின. அதன்பின் பந்து வருமுன்பே என் இடது கால் ஒதுங்கி ஓடிவிடும். பிடியை மாற்று, மட்டையை மாற்று என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பாய் மட்டும் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து என் ஷூவின் அடியில் தேய்த்துவிட்டார். பத்துப் பந்து ஆடிய பிறகு, பிட்சில் விரித்திருந்த கயிற்று விரிப்பைக் காட்டினார். வெள்ளைத் தடங்கள் எல்லாம் ஸ்டம்பை விட்டு விலகிக் கிடந்தன.

"பயம் கையில தெரியாது மாப்ள, கால்லதான் தெரியும். பந்துக்கு நேரா கால வையி. அதுக்காகக் குறுக்க போட்டுறாத, மட்டையில படாது, கால்லதான் படும்."

அன்றிலிருந்து அணியில் எல்லோரும் சாக்கட்டி தேய்த்துக்கொண்டுதான் ஆடப் போனோம். அவரும்தான்.

பிறகு எழுமலையில் ஓர் இறுதி ஆட்டம். எங்கள் ஆட்டங்களுக்குத் தனி நடுவர் கிடையாது. ஆடும் அணியில் அவுட்டாகி வந்தவரே நடுவராக நிற்பார். ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தார் என்று சொந்த ஆளுக்கு எல்பிடபிள்யூ அவுட் கொடுத்தவரை நான் அதுவரை கண்டதில்லை. கடைசி விக்கெட், ஜெயிக்க மூன்று ரன். ஆடுபவர் பாய், நடுவர் நான். பந்து அவர் காலில் பட்டது. எழுமலைக்காரர்கள் ஒப்புக்கு அவுட் கேட்டுக் கத்தினார்கள். அவர் பழக்கிவிட்ட என் கண் அவர் காலைத்தான் பார்த்தது. அது குறுக்கே வந்திருந்தது. விரலைத் தூக்கிவிட்டேன்.

"அண்ணே, நீங்க எந்த டீமுண்ணே?" என்று சரவணன் கத்தினார். "இனிமே இந்தாளு வந்தா நான் வரல" என்றார் இன்னொருவர். வாரம் முழுக்க நான் காத்திருப்பதே அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். அது போய்விட்டது என்றே நினைத்தேன்.

பாய் குனிந்து, விரிப்பில் பதிந்திருந்த தன் தடத்தைப் பார்த்தார். எல்லோரையும் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கப்பா. நடு ஸ்டம்புக்கு நேரா, குறுக்க கெடக்கு என் கால். இம்புட்டு வருஷமா உங்களுக்குச் சொன்ன தப்ப நானே செஞ்சுட்டேன். அவரு சரியாத்தான் கொடுத்தாரு." பிறகு என் தோளில் கை போட்டார். "அடுத்த ஞாயிறு சீக்கிரம் வா மாப்ள."

அன்று தோற்றோம். அந்தத் தோல்வியைப் போல எந்த வெற்றியையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அடக்கத்துக்கு எழுமலை அணி வேன் பிடித்து வந்திருந்தது. அவர்களுடைய கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க சும்மாதாண்ணே அப்பீல் கேட்டோம். பாய் அந்தத் தடத்தக் காட்டுன பெறகு, எங்க ஆளுக்கு எங்க அம்பயரே அவுட் கொடுக்குறாருண்ணே."

மண் போட என் முறை வந்தது. கண்ணீர் பார்வையை மறைத்தது. குழியின் விளிம்பில் ஈர மண் சரிந்துகொண்டிருந்ததால் பின்னால் நின்றவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் ஒதுங்கவில்லை. இடது காலை முன்னே வைத்துக் குனிந்து மண்ணைப் போட்டேன். திரும்புகையில் பார்த்தேன், ஈரத்தில் என் தடம் பதிந்திருந்தது.

நேராகத்தான் வைத்திருக்கிறேன், பாய். போய் வாருங்கள்.