மோந்து பார்த்துக் கொடுத்த துணி

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். வீட்டில் அவர் கைக்கு மிஞ்சியது ஒரு விறகடுப்பு. சமையலறைச் சுவரோரம் நிற்கும் அந்தப் பழைய இரும்பு அடுப்புக்கு விறகு பிளப்பது, சாம்பல் அள்ளுவது, புகைக்குழாயைக் குடைவது எல்லாம் அவர் இலாகா. மனைவி ஒரு கட்டையைத் தள்ளி வைத்தால்கூட முகம் சுருங்கிவிடும்.

அடுத்த அறையில் அவளுடைய தையல் மெஷின். வீடு ஓடுவதே அதில்தான். ஒரு நாள் காலை, வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் பேங்க் அம்மா இங்கே தைத்த புதுச் சுடிதாரோடு திரும்பி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. தையல்ல ஒரு குறையும் இல்ல. போட்டுக்கிட்டு ஆபீஸ் போனா, எங்க தீப்பிடிச்சுதுன்னு கேக்கறாங்க. அடுப்பை மாத்தினா சொல்லுங்க, வரேன்."

டிரைவருக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா போனதும் சுடிதாரை எடுத்து முகர்ந்தார். மனைவியும் மூக்கைப் புதைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லையே!"

"அதானே! தைக்கிற கூலியக் குறைக்கப் பாக்கறாங்க."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாய் இடுக்கில் களிமண் பூசினார். ஈர விறகை ஒதுக்கினார். மின் அடுப்பு விற்கும் கடை வரை நடந்து, கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினார். அதற்குள் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். துணி தைத்து முடியும்போதெல்லாம் இருவரும் மாறி மாறி முகர்ந்து, ஒன்றும் இல்லை என்று மடித்து வைத்தார்கள்.

"மாத்தித்தான் பாக்கலாமா?" என்றாள் ஒரு நாள்.

"எங்க வருது புகை? நீயே சொல்லு!" என்று எரிந்து விழுந்தார். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

வெளியூரில் இருக்கும் மகள் வீடு மாறினாள். சாமான் தூக்கப் போனவர் ஒரு வாரம் தங்கும்படி ஆயிற்று. அங்கே பொத்தானைத் தட்டினால் அடுப்பு. செய்ய வேலை இல்லாமல் கை நமநமத்தது. "கொஞ்சம் சும்மா உட்காருப்பா" என்று மகள் அலுத்துக்கொண்டதும் கிளம்பிவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தார். தொண்டை கமறியது. எதுவோ கருகுகிறது என்று பதறிச் சமையலறைக்கு ஓடினால், அடுப்பு ஆறிக் கிடந்தது. திரையில் புகை நாற்றம். தலையணையில் நாற்றம். பெட்டியை வாங்க வந்த மனைவியின் தலைமுடியிலும் அதே நாற்றம். அவருக்கு அழுகை முட்டியது.

அவள் ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினாள். "கையில இருக்கிறது இது ஒண்ணுதான். நல்லா மோந்து பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. நீங்களும் ஒரு தடவை பாருங்க, கொடுத்துடலாம்."

"கொடுக்காத" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அடுப்பைப் பெயர்த்தெடுக்கப் புகைக்குழாயைப் பிடித்து ஆட்டினார். கரி கொட்டியது.

"இப்பதானே வந்தீங்க? சாப்பிட்டுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா? நாளைக்கு என் மூக்குக்கும் ஒண்ணும் தெரியாதுடி."