விறகுக்குத்தான் ஆகும் என்று சொன்னேன்

கல்யாணமாகி ஏழாவது வருஷம் என் கணவருக்கு இருமல் வந்தது. எழுபதுகளின் நடுவில். மண்ணூரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஊர். அவர் ஏரியில் வலை போடுகிறவர். எங்கள் கரையில் படகு வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லோரும் காற்றடித்த லாரி டியூபைப் பக்கத்தில் மிதக்கவிட்டு, நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுதான் வலை இழுத்தார்கள். விடியும்போது இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் கரைக்கு வருவார். விரல்கள் வெளுத்துச் சுருங்கி, தொட்டால் சில்லென்றிருக்கும். கால்விரல் இடுக்கில் புண் ஆறினதே இல்லை.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். இனிமேல் தண்ணீரில் நிற்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். பின்னே எங்கே போய் நிற்பது என்று என்னைக் கேட்டார். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கரை ஊரில் ஒரு பழைய படகு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டோம். படகில் உட்கார்ந்தபடியே வலை போடலாம். உடம்பு நனையாது. என் கம்மலை விற்றாவது வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேரே இருவரும் நடந்து போனோம். கரையோரம் வேலமரத்தடியில் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். தார் உரிந்து திட்டுத் திட்டாகப் பலகை தெரிந்தது. சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்களோடு படகுக்குக் கிட்டே வரவில்லை. பத்தடி தள்ளியே நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். என் கணவர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். கையை விரித்துத் தடவினார். இருமல் வந்த பிறகு அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தண்ணீர் குடிக்க வா என்று சொந்தக்காரரின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார். சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, கதவருகே நின்றபடி சொன்னார்.

"தங்கச்சி, இத சொல்லாம உன்ன அனுப்ப எனக்கு மனசு வரல. எம்புள்ள இந்தப் படகுலதான் போனான்."

போன மழைக்காலத்தில் நடந்ததாம். காற்று அடித்த நாளில் தனியாகப் போயிருக்கிறான். படகு கவிழ்ந்து, கால் வலையில் சிக்கிக்கொண்டது. மறுநாள்தான் எடுத்தார்கள். பத்தொன்பது வயது. படகை உடைத்து அடுப்பில் வைத்துவிடலாம் என்று தன் கணவர் இரண்டு முறை கோடாலியோடு போனாராம். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாராம்.

"வாங்குனாலும் சரி, வாங்காட்டியும் சரி. தெரிஞ்சிகினு வாங்குங்க" என்றார்.

வரும் வழியில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரிக்கரை முடிகிற இடத்தில் நின்று வேட்டியை உதறிக் கட்டினார். பிறகு, "தண்ணிதான் கொன்னுது. படகு இன்னா பண்ணும்?" என்றார். தச்சரைக் கூட்டிவந்து காட்டுவது, அவர் சொல்வதை வைத்து முடிவு செய்வது என்று பேசிக்கொண்டோம்.

ஸ்ரீபெரும்புதூரில் வண்டி செய்கிற தச்சர் ஒருவர் அவருக்குப் பழக்கம். தச்சர் வருவதாகச் சொன்ன நாளில் இவருக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன். தச்சர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார். உளியால் ஒவ்வொரு பலகையாகக் குத்தினார், முகர்ந்தார், ஆளை வைத்துப் புரட்டிப்போட்டு உள்பக்கத்தையும் பார்த்தார். படகு நிமிர்ந்தபோதுதான் நான் அதைக் கண்டேன். குறுக்குப் பலகையில் வலைத்துண்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நுனிகள் கத்தியால் அறுத்தது மாதிரி நேராக இருந்தன. அந்தப் பையனை எடுக்க அறுத்தது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. யாரும் அதை அவிழ்த்துப் போடவில்லை.

தச்சர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அடியில ஒரு பலக மாத்தணும்மா. மத்தபடி மரம் இரும்பாட்டம் கீது. பத்து வருசம் ஓடும், தகிரியமா வாங்கச் சொல்லு."

நான் தலையாட்டினேன். கண் அந்த வலைத்துண்டிலேயே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். தச்சர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"மரம் உளுத்துப்பூட்ச்சாம். வெறவுக்குத்தான் ஆவுமாம்" என்றேன்.

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய் இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். பிறகு படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. காய்ச்சல் விட்டதும் டியூபை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் எதிர்க்கரைக்காரர் ஒருவர் அந்தப் படகை வாங்கினார். பலகை மாற்றி, தார் பூசித் தண்ணீரில் விட்டார். சொல்லவே கூசுகிறது. அது கவிழும் என்று நான் காத்திருந்தேன். காற்று அடிக்கிற நாளெல்லாம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கவிழ்ந்தால் நான் சொன்னது பொய்யாகாது என்று நினைத்தேன். படகு ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி இவர் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பாவத்தைப் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அபராதமாகச் சில செபங்கள் சொல்லச் சொன்னார். கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொன்னார். செபங்களைச் சொன்னேன். மற்றதைச் செய்யவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் இருமலோடு ரத்தம் வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். எங்கள் ஒரே பெண்ணை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் கூடவே இருந்தேன். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, போதும் என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"போன தை மாசம் சந்தையில ஆசாரியப் பாத்தேன். நல்ல மரமாச்சே, ஏன்யா வுட்டுட்டன்னு கேட்டாரு."

தை மாதம் என்றால் பத்து மாதத்துக்கு முன்பு. அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வலையைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"பயந்துட்டேன்யா" என்றேன்.

"தெரியும். பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நானே வேணான்னுட்டிருப்பேன். ஏரியே வேணாம்னு செங்கல் சூளைக்கோ எங்கயோ போயிருப்பேன். நீ மரம் சரியில்லன்ன. சரி, வேற படகு வரும்னு காத்துக்கினு கெடந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பேசியதில் மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிவிட்டேன். அவர் என் கையைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தார். தண்ணீர் கேட்டார், பெண்ணைப் பற்றிக் கேட்டார், கூரைக்குக் கீற்று மாற்றவேண்டும் என்றார். படகைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

அடக்கத்துக்கு எதிர்க்கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படகை வாங்கியவர் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மகனை இழந்த அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு அதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று கேட்டார். நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள் என்றேன்.

அதன் பிறகு நான் சூளைக்கு மண் சுமந்தேன். பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். பெண்ணைப் படிக்க வைத்தேன். அப்பா எப்படிச் செத்தார் என்று அவள் கேட்கிற போதெல்லாம் நெஞ்சு நோய் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.