ஆள் ஏறினால் மட்டும் அலறிய வண்டி

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய வீட்டு வாசலுக்கு அவர் ஒருமுறையாவது வந்திருப்பார். யாரும் அவரை 'வாங்க' என்று அழைக்க முடியாத வேளையில்தான் வந்திருப்பார். அண்ணன் அமரர் ஊர்தி ஓட்டினார்.

பிறந்தது கீழக்குயில்குடி. அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணன் டிராக்டர் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பிறகு வில்லாபுரத்தில் குடியேறி, ஒரு முதலாளியின் அமரர் ஊர்திக்கு ஓட்டுநரானார். அதற்காகவே இரண்டு இடங்களில் அவருக்குப் பெண் தர மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் அண்ணி, "அவரும் ஒரு வேலைதானே பாக்குறாரு" என்று சொல்லிச் சம்மதித்தார். இறந்தவர்களை அண்ணன் 'பாடி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "ஆள் ஏறிட்டாங்க, கிளம்பலாம்" என்பார்.

அவருடைய கடைசிச் சித்திரையில் வண்டி கத்தத் தொடங்கியது. சாவியைத் திருப்பியதும் கிறீச்சென்று ஒரு சத்தம். அடித்தொண்டையில் தொடங்கி வீறிட்டு உயர்ந்து, நாலைந்து நொடியில் அடங்கும். பெல்ட் தேய்ந்திருக்கும் என்று அண்ணன் புதிது மாட்டினார். பத்து நாளில் சத்தம் திரும்பி வந்தது. அதைவிட வேறொன்றுதான் அவரை உறுத்தியது. காலி வண்டி கத்தவில்லை. ஆள் ஏறிய பிறகு கிளப்பினால் மட்டுமே கத்தியது.

வாடிப்பட்டி அருகே ஓர் ஊர். இருபத்தாறு வயது மகனை ஏற்றியாகிவிட்டது. வண்டி அலறியதும் அந்தத் தாய் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"போக மாட்டேன்னு கத்துறான்யா எம்மகன். இறக்கிவிடுங்க!"

அண்ணன் என்ஜினை நிறுத்தி, இறங்கிப்போய் அவர் அருகே மண்ணில் உட்கார்ந்தார்.

"அது பெல்ட்டு சத்தம்மா."

"பெல்ட்டுன்னா, வரும்போது ஏன்யா கத்தல?"

அந்தத் தாய் தானாக எழும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு கொட்டுக்காரர்களிடம் போய், "நான் கிளப்புறப்ப நல்லா ஓங்கி அடிங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டார். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படிக் கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. கொட்டு இல்லாத வீடுகளில் என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகச் செய்தி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளை. அண்ணி தாய்வீடு போயிருந்தார், சாயந்தரம்தான் வருவார்; நான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். வெயிலுக்குப் பயந்து தெருவில் காக்கைகூட இல்லை. ஓர் ஆளின் எடைக்கு அரிசி மூட்டைகளைப் பின்னால் ஏற்றி அண்ணன் வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை. மூட்டைகளை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நான் படுத்துப் பாக்குறேன். கியர் நியூட்ரல்ல இருக்கு. நீ சாவியை மட்டும் திருப்பு."

"வேணாம்ண்ணே. உசுரோட இருக்கவங்க அதுல படுக்கலாமா?"

"தெரிஞ்சாகணும் பாப்பா."

உள்ளே போய்ப் படுத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

வண்டி அலறியது.

இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அண்ணன் கண்மூடி, கைகளை நெஞ்சின்மேல் சேர்த்துப் படுத்திருந்தார். இரண்டுமுறை கூப்பிட்டும் அவர் அசையவில்லை. மூன்றாவது முறைதான் கண்ணைத் திறந்தார்.

"புழுக்கமா இருந்துச்சுன்னு உள்ள இருக்குற சுவிட்சைத் தட்டி ஏசியைப் போட்டேன் பாப்பா" என்றார் மெதுவாக. "ஆள் ஏறுனா இதைத்தான மொத வேலையா போடுவோம்."

மறுநாள் மெக்கானிக் பாய் வந்தார். பின்பக்க ஏசியைப் போட்டு வண்டியைக் கிளப்பி, பெல்ட்டில் தண்ணீர் தெளித்தார். சத்தம் கூடியது. "பெல்ட்டு தொய்வா இருக்குண்ணே. ஏசி இழுக்குற இழுவைக்கு வழுக்குது, அதான் கத்துது" என்றார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றியதால்தான் சத்தம் திரும்பியிருக்கிறது. இரண்டையும் மாற்றினார். அதற்குப் பிறகு வண்டி ஒருநாளும் கத்தவில்லை. அண்ணன் வாடிப்பட்டிப் பக்கம் போய் அந்தத் தாயிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவர் கேட்டுக்கொண்டு, "அப்ப அவன் கூப்பிடலையா?" என்று மட்டும் கேட்டாராம்.

உள்ளே படுத்துப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாற்பது நாளில் அண்ணன் போய்விட்டார். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியவர், நெஞ்சு கனக்கிறது என்று உட்கார்ந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அன்று அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்த பக்கத்து வீட்டாருக்கும், ஊதியம் வாங்காமல் வந்து நின்ற மற்ற ஊர்தி ஓட்டுநர்களுக்கும், கொட்டுக்காரர்களுக்கும், பதினாறாம் நாள்வரை அடுப்பெரிய விடாமல் சோறு கொடுத்த தெருவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

சாவியைத் திருப்பியவள் நான்தான் என்பதை ஓராண்டாக யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அண்ணி. "அன்னைக்குச் சாயந்தரம் சட்டையில ஊதுபத்தியும் பன்னீருமா வாசம். என்னன்னு கேட்டதும், நீ சாவி திருப்புனது வரைக்கும் சொல்லிட்டாரு. ஏன் படுத்தீங்கன்னு சண்டை போட்டேன். 'உள்ள படுத்தாத்தான்டி தெரியுது, அந்தச் சத்தம் அவங்களுக்கு எம்புட்டுப் பக்கத்துல கேட்டிருக்கும்னு. பாவம், ஒருத்தரும் காதைப் பொத்திக்க முடியாதுல்ல'ன்னு சொன்னாரு. அதுக்குத்தான்மா அம்புட்டு அவசரமா சரி பண்ணாரு."